பழைய பிரதிக்கு ஒரு பெயர்

மொழிபெயர்ப்பு அலுவலகங்களில், ஒரு சொல்லை விலக்கி வேறொரு சொல்லை வழங்குமாறு சுற்றறிக்கை வருவது புதிதன்று. முன்னாளில் அத்தகைய சுற்றறிக்கை வந்தால், எழுத்தர்கள் சிவப்பு மைப் பேனாவுடன் அமர்ந்து, தட்டச்சுப் பிரதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, பழைய சொல்லை அடித்துப் புதிய சொல்லை அதன் மேலே எழுதுவார்கள். வேலை முடியப் பல நாட்கள் ஆகும். ஆயினும் அடிக்கப்பட்ட சொல், கோட்டின் அடியில் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். இன்று அதே வேலையைக் கணினி சில விநாடிகளில் முடித்துவிடுகிறது. ஆனால் அடிக்கப்பட்ட சொல்லின் சுவடு எங்கும் இராது. அந்தச் சுவட்டைக் காத்து வைப்பதையும், அதற்குத் தக்க பெயர் இடுவதையும் பற்றியே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டோம்.

தில்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் முதலிய நகரங்களில் வாழும் நம் நேயர்களுள் பலர் கணினித் துறையிலேயே பணி புரிபவர்கள். வேறு பலர், பகலில் ஓர் அலுவலகத்தில் பணியாற்றி, மாலையில் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையும், ஆண்டு மலருக்கு வந்த கட்டுரைகளையும் கணினியில் பேணி வருபவர்கள். இரு சாராருக்கும் இவ்விஷயம் பயன்படும் என்று நம்புகிறோம்.

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரே வேலையைப் பல கோப்புகளில் செய்யுமாறு கணினிக்கு எழுதித் தரும் கட்டளைக் குறிப்பை ஸ்கிரிப்ட் என்பர். அக்குறிப்பு ஒரு கோப்பைத் திறந்து, திருத்தி, அதே பெயரில் மீண்டும் வைக்குமானால், அதனை இருந்த இடத்திலேயே திருத்துதல் எனலாம். திருத்துவதற்கு முன் இருந்த நிலையைத் தனியே எடுத்துவைத்தால் அது காப்புப் பிரதி. அக்காப்புப் பிரதியின் பெயரில் கடைசியாகச் சேர்க்கப்படும் எழுத்துகள் பின்னொட்டு.

இவ்வகைத் திருத்தத்திற்குப் பெரிதும் வழங்கும் கருவிகள் இரண்டு. ஒன்று, பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸுடன் வளர்ந்த செட். மற்றொன்று, லாரி வால் என்பவர் 1987-இல் வெளியிட்ட பெர்ல். பெர்லில் சிறு கோடு ஒன்றும் அதனை அடுத்து 'ஐ' என்று ஒலிக்கும் ஆங்கில எழுத்தும் இட்டால், கோப்பு இருந்த இடத்திலேயே திருத்தப்படும். அவ்வெழுத்தை ஒட்டி ஒரு பின்னொட்டைக் கொடுத்தால், பழைய கோப்பு அப்பின்னொட்டுடன் காப்புப் பிரதியாக நிற்கும். பின்னொட்டு ஏதும் கொடாவிடில் காப்புப் பிரதியே இராது. லினக்ஸில் உள்ள குனு செட்டும் ஏறக்குறைய இவ்வாறே நடக்கும். பலரும் பழக்கத்தால் கொடுக்கும் பின்னொட்டு, புள்ளியுடன் கூடிய பி, ஏ, கே என்னும் மூன்றெழுத்து. அதனைப் 'பேக்' என்று வாசிக்கிறார்கள். 'அறிக்கை' என்ற கோப்பின் பழைய பிரதி 'அறிக்கை.பேக்' ஆகிவிடும்.

கேட்பதற்கு இது போதுமான ஏற்பாடாகவே தோன்றும். நமக்கும் அப்படித்தான் தோன்றியது. அது போதாது என்பதை நாம் எவ்வாறு கற்றோம் என்பதைச் சொல்லுகிறோம்.

நமது பிரிவில் 146 கோப்புகள் இருந்தன. அவை நமக்கு முன்னிருந்த மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பல ஆண்டுகளாகத் திருத்தி வைத்தவை. 'ஆணை' என்ற சொல்லுக்குப் பதில் 'உத்தரவு' என்ற சொல்லை வழங்குமாறு ஒரு வகை ஆவணங்களுக்கு மட்டும் குறிப்பு வந்தது. நாம் அவசரத்தில், எல்லாக் கோப்புகளிலும் மாற்றுமாறு கட்டளை எழுதினோம். 'பேக்' என்ற பின்னொட்டையும் மறவாமல் இட்டோம். கண் இமைக்கும் நேரத்தில் வேலை முடிந்தது.

திறந்து பார்த்தால், 'ஆணையம்' என்ற சொல் 'உத்தரவுயம்' ஆகியிருந்தது. 'ஆணையர்' என்பவர் 'உத்தரவுயர்' ஆகியிருந்தார். சொல்லின் முதற்பகுதி ஒத்திருந்தால் கணினிக்குப் போதும். அது பொருளைப் பாராது. மறுபுறம், 'அரசாணை' என்ற சொல் மாறவே இல்லை. அங்கே 'ஆ' என்ற உயிரெழுத்து சகரத்துடன் புணர்ந்து காலாக நிற்கிறது. கணினியின் கணக்கில் உயிரெழுத்தாகிய 'ஆ' வேறு, துணைக்கால் வேறு. தமிழில் சொல் தேடி மாற்றுவோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய நுட்பம் இது.

பிழையைக் கண்டவுடன் நாம் செய்திருக்க வேண்டிய காரியம், காப்புப் பிரதிகளை முதலில் பழைய இடத்திற்குத் திருப்புவது. அதை விடுத்து, கெட்டுப்போன சொற்களைச் சீராக்கும் இரண்டாவது கட்டளை ஒன்றை எழுதி, அதே பின்னொட்டுடன் அதே கோப்புகளின் மீது ஓடவிட்டோம். கணினி சொன்னபடி செய்தது. அப்போது கோப்புகளில் இருந்தது 'உத்தரவுயம்' நிறைந்த பாடம். அதனை 'அறிக்கை.பேக்' என்ற பெயரில் காத்து வைத்தது. அப்பெயரில் ஏற்கெனவே இருந்த உண்மையான மூலத்தை, ஒரு கேள்வியும் கேளாமல் அழித்துவிட்டது. காப்புப் பிரதி இருந்தது; ஆனால் அது காத்தது நமது பிழையை.

இதில் என்ன நஷ்டம், புதிய சொல்லைத் தேடிப் பழைய சொல்லாக மாற்றிவிடலாமே என்று நேயர்கள் கேட்கலாம். அது இயலாது. அந்த மூத்தவர், அரசின் முறையான ஆணையை 'ஆணை' என்றும், அதிகாரியோ நீதிமன்றமோ ஒரு வழக்கில் இடும் கட்டளையை 'உத்தரவு' என்றும் வேறுபடுத்தி எழுதியிருந்தார். இரண்டும் ஒன்றான பின், எந்த 'உத்தரவு' பிறவியிலேயே உத்தரவு, எது நேற்றுவரை ஆணையாக இருந்தது என்று சொல்லுவதற்குக் கோப்பில் ஓர் அடையாளமும் இல்லை. இரண்டு சொற்களை ஒன்றாக்கும் மாற்றத்தை, எந்தக் கட்டளையாலும் பின்னோக்கி ஓட்ட முடியாது. மூலம் கையில் இருந்தால்தான் மீட்சி உண்டு.

இத்தனைக்கும் காரணம் கருவியின் குறையன்று; பெயரின் குறை. ஒரே பெயரை இருமுறை வழங்கினோம். கருவிகள் தம் இயல்பை மறைக்கவும் இல்லை. இருந்த இடத்திலேயே திருத்துதல் என்று சொன்னாலும், உண்மையில் செட் ஒரு தற்காலிகக் கோப்பைப் புதிதாக எழுதுகிறது. முடிந்ததும் பழைய கோப்பின் பெயரைப் பின்னொட்டுடன் மாற்றி, புதியதைப் பழைய பெயரில் வைக்கிறது. பெர்ல் முன்பு, தொடக்கத்திலேயே பழையதை நகர்த்திவிட்டு எழுதி வந்தது. ஆகையால் நடுவில் மின்சாரம் நின்றால் அரைகுறைக் கோப்பு மிஞ்சும். 2018-இல் வந்த 5.28-ஆம் பதிப்பிலிருந்து, பெர்லும் தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்த பிறகே பெயரை மாற்றுகிறது. ஆக, நடப்பதெல்லாம் பெயர் மாற்றமே. பெயர் மாற்றத்தில், புதிய பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், அது மறைந்துபோகும்.

இச்சங்கடத்தை முன்னோர் அறியாமல் இல்லை. டாஸ் இருந்த காலத்தில், கோப்பின் பெயருக்கு எட்டெழுத்தும், புள்ளிக்குப் பின் மூன்றெழுத்துமே இடம் இருந்தது. அங்கே 'பேக்' என்பது பெயருக்குப் பின்னே சேரவில்லை. கடைசி மூன்றெழுத்தை அகற்றிவிட்டு அவ்விடத்தில் அமர்ந்தது. ஆகையால் ஒரே பெயரும் வெவ்வேறு முடிவும் உடைய இரு கோப்புகளுக்கு ஒரே காப்புப் பெயர் நேர்ந்துவிடும். இதற்கு மாறாக, 1970-களின் பிற்பகுதியில் டிஜிட்டல் நிறுவனம் வெளியிட்ட விஎம்எஸ் என்னும் இயக்க முறைமையில், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பெயரின் இறுதியில் ஓர் எண் உயர்ந்துகொண்டே போகும். 1, 2, 3 என்று பழையவை வரிசையாக நிற்கும். ஈமேக்ஸ் என்னும் எழுதியும், விரும்பினால், அலைக்குறிகளுக்கு இடையே எண் இட்டுக் காப்புப் பிரதிகளை வைக்கும். ஒரு பெயரை மறுமுறை வழங்காதிருப்பதே இவ்வேற்பாடுகளின் கருத்து.

நமது ஸ்கிரிப்ட்டுகளுக்கு நாம் இன்று கைக்கொள்ளும் முறை, பின்னொட்டில் நாளையும் நேரத்தையும் சேர்ப்பது. அதிலும் வரிசை முக்கியம். நம் நாட்டு வழக்கப்படி நாள், மாதம், ஆண்டு என்று எழுதினால், 05-12-2023 என்ற பிரதி, 04-01-2024 என்ற பிரதிக்குப் பின்னே போய் நிற்கும். கணினி இடமிருந்து வலமாக எழுத்துகளை ஒப்பிட்டு அடுக்குவதே காரணம். ஆண்டை முதலிலும், மாதத்தை அடுத்தும், நாளைக் கடைசியிலும் எழுதினால், பெயர் வரிசையே கால வரிசை ஆகிவிடும். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச நியமமும் இவ்வரிசையையே கூறுகிறது. மாதமும் நாளும் எப்போதும் ஈரிலக்கமாக இருக்க வேண்டும். நேரத்தை எழுதும்போது முக்காற்புள்ளி இடலாகாது. விண்டோஸ் அக்குறியைக் கோப்புப் பெயரில் ஏற்பதில்லை. ஆகவே 'அறிக்கை.2024-01-04-101500' என்பது போன்ற பெயர் தக்கது. 2024 ஜனவரி 4-ஆம் நாள் காலை 10 மணி 15 நிமிஷத்திற்கு எடுத்த பிரதி என்பது யாருக்கும் விளங்கும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. நூறு கோப்புகளைத் திருத்தும்போது, ஒவ்வொரு கோப்புக்கும் அந்தந்த விநாடியைக் கேட்டு எழுதினால், ஒரே ஓட்டத்தின் பிரதிகள் பல முத்திரைகளுடன் சிதறிப்போகும். ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் நேரத்தை ஒரே ஒரு முறை குறித்துக்கொண்டு, அதையே எல்லாக் கோப்புகளுக்கும் வழங்க வேண்டும். அப்போதுதான், 10.15-க்கு ஓடியது தவறு என்று தெரிந்தால், அம்முத்திரை உள்ளவற்றை மட்டும் ஒருங்கே மீட்கலாம். மேலும், தொலைவில் உள்ள சேவையகக் கணினிகளின் கடிகாரம் பெரும்பாலும் சர்வதேச நேரத்தைக் காட்டும். அது நமது நேரத்திற்கு ஐந்தரை மணி பின்தங்கியது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு முன் வேலை செய்தால், முந்தின நாள் தேதியே பெயரில் விழும். எந்த நேரம் வழங்குகிறோம் என்பதை முன்னரே முடிவு செய்துகொள்வது நலம்.

இனி, முத்திரையைப் பெயரின் எவ்விடத்தில் வைப்பது? புள்ளிக்குப் பின் வரும் கடைசி எழுத்துகளை வைத்துத்தான் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் கோப்புகளைத் தேர்ந்தெடுக்கிறது. உரைக் கோப்புகளுக்கு வழங்கும் 'டிஎக்ஸ்டி' என்ற முடிவை அப்படியே விட்டு, அதற்கு முன் முத்திரையை நுழைத்தால், காப்புப் பிரதியும் உரைக் கோப்பாகவே தோன்றும். அடுத்த முறை ஸ்கிரிப்ட் ஓடும்போது அதையும் திருத்திவிடும். ஆகையால் முத்திரை எல்லாவற்றிற்கும் கடைசியில் நிற்பதே நல்லது. ஆனால் கோப்புறையில் உள்ள எல்லாவற்றையும் எடு என்று நட்சத்திரக் குறியை மட்டும் இட்டுக் கட்டளை தருவோர்க்கு இதுவும் காவலாகாது.

இதைவிடச் சிறந்தது, காப்புப் பிரதிகளைத் தனிக் கோப்புறையில் வைப்பது. பெர்லிலும் குனு செட்டிலும் இதற்கு வழி இருக்கிறது. பின்னொட்டு வரும் இடத்தில் நட்சத்திரக் குறி இட்டால், அவ்விடத்தில் கோப்பின் பெயர் வந்து அமரும். ஆகவே, கோப்புறையின் பெயர், ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரக் குறி, அதன்பின் முத்திரை என்று கொடுத்தால், பழைய பிரதி அக்கோப்புறைக்குள் போய்விடும். அக்கோப்புறையை முன்னதாகவே நாம் உண்டாக்கி வைத்திருக்க வேண்டும். கருவி அதை உண்டாக்காது.

தனிக் கோப்புறை வேறொரு வகையிலும் அவசியமாகிறது. சில நிரல்கள் ஒரு கோப்புறையில் கண்ட எல்லாவற்றையும் படித்து நடக்கும். டெபியன் லினக்ஸில் நிறுவப்படும் இஞ்சின்எக்ஸ் என்ற வலைச் சேவை நிரல், இயங்கும் தளங்களுக்குரிய கோப்புறையில் என்ன இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். அங்கே காப்புப் பிரதி ஒன்றை விட்டுவைத்தால் அதுவும் நடப்பில் உள்ள அமைப்பாகவே கருதப்படும். அவ்வாறே, வலைத்தளத்தின் பிஎச்பி கோப்புக்கு 'பேக்' என்ற பின்னொட்டு இட்டு அங்கேயே வைத்தால், சேவையகம் அதை இயக்க வேண்டிய நிரல் என்று அறியாமல், வெறும் உரையாகக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடக்கூடும். அதில் கடவுச்சொல் இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

பெயரே பிழையாகப் பிறப்பதும் உண்டு. 'ஐ' என்ற எழுத்தை அடுத்து இடைவெளி விடாமல் 'ஈ' என்று ஒலிக்கும் ஆங்கில எழுத்தை எழுதினால், குனு செட் அதைப் பின்னொட்டு என்று கொள்ளும். கோப்புறை முழுவதும், இறுதியில் ஓர் 'ஈ' ஒட்டிய கோப்புகள் முளைத்து நிற்கும். மாக் கணினிகளில் உள்ள செட், பின்னொட்டைக் கட்டாயம் எதிர்பார்க்கும். வேண்டாமெனில் வெற்று மேற்கோள் குறிகளை இட வேண்டும். ஆகையால் லினக்ஸுக்கு எழுதிய கட்டளை மாக்கில் அப்படியே ஓடாது. ஒரு கணினியில் பழகியவர் வேறொன்றில் அமரும்போது, முதலில் பயனற்ற ஒரு கோப்பில் சோதித்துப் பார்ப்பது உசிதம்.

தமிழில் பெயரிடுவோர்க்கு மற்றொரு குறிப்பு. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைகளில் ஒரு பெயர் 255 பைட்டுகளுக்கு மேற்படலாகாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. அதிலும் 'கோ' என்பது, ககரமும் ஓகாரக் குறியுமாக ஆறு பைட்டு. ஆகத் தமிழில் 85 குறிகளோடு பெயர் முடிந்துவிடும். கட்டுரைத் தலைப்பையே கோப்புப் பெயராக வைக்கும் நம் வழக்கத்திற்கு, நீண்ட பின்னொட்டு இடம் தராது.

கிட் போன்ற பதிப்புக் காப்பு நிரல்கள் இருக்கும்போது இவ்வளவு தொல்லை எதற்கு என்று சிலர் கேட்பர். கோப்புகளை அதில் ஒழுங்காகப் பதிந்து வருவோர்க்குப் பின்னொட்டுகள் தேவையில்லைதான். ஆனால் காலையில் எழுதி, இன்னும் பதியாமல் வைத்திருக்கும் பக்கங்களை அந்நிரலும் மீட்டுத் தராது. அன்றியும், சங்கத்தின் முகவரிப் பட்டியலையோ, பாட்டியார் சொல்லக் கேட்டு எழுதிய குடும்ப வரலாற்றையோ அவ்வாறு பதிந்து வைப்பவர் சிலரே. அத்தகையோர்க்கு, ஸ்கிரிப்ட்டை ஓடவிடுமுன் கோப்புறை முழுவதையும் நாளிட்ட பெயரில் பிரதி செய்துவைப்பதே எளிய வழி. அப்பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்குமானால் வேலையைத் தொடங்காமல் நிற்குமாறு ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி எழுதிவைத்தால், காவல் முழுமை பெறும். பின்பு ஒரு கோப்பை மட்டும் திருத்தி, டிஃப் என்ற கட்டளையால் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, மாறிய வரிகளைக் கண்ணால் கண்ட பிறகே மற்றவற்றில் கை வைக்க வேண்டும்.

பிரதிகளை ஒப்பிடுவதும், எது எங்கிருந்து வந்தது என்று குறிப்பதும் தமிழுக்குப் புதியவை அல்ல. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்பிட்டே பாடத்தை நிச்சயித்தார். ஒரே நூலுக்குப் பல ஏடுகள் தனித்தனியே பிழைத்திருந்தமையால் அது இயன்றது. புதிய ஏடு எழுதியவுடன் பழையது தானே மறைந்துவிடும் என்றிருந்தால், ஒப்பிடுவதற்கு அவர் கையில் என்ன எஞ்சியிருக்கும்?

நமது 146 கோப்புகளின் கதையைச் சொல்லி முடிக்கிறோம். அவற்றுள் 91 கோப்புகளுக்கு அச்சிட்ட தாள்கள் அலமாரியில் கிடைத்தன. அவற்றைப் பார்த்து வரி வரியாகத் திருத்தினோம். எஞ்சிய 55 கோப்புகளுக்கு ஆங்கில மூலத்தை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வோரிடத்திலும் அந்த மூத்தவர் எச்சொல்லை இட்டிருப்பார் என்று ஊகித்து எழுதினோம். அவரைக் கேட்டுத் தெளியலாம் என்றால், அவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பெரும்பாலும் சரியாகவே ஊகித்திருப்போம் என்று நம்புகிறோம். ஆயினும் அக்கோப்புகளில் இன்று 'ஆணை' என்ற சொல்லைக் காணும்போது, அது அவர் இட்டதா, நாம் இட்டதா என்பதைச் சொல்ல நம்மால் இயலவில்லை.